தேதி கேட்ட அண்ணி

"இன்னிக்கு என்னா தேதி தம்பி?"

என் அண்ணி இதைக் கேட்கும்போது கையில் எப்போதும் காபி டம்ளர் இருக்கும். மாடிப்படியின் கடைசிக்கு முந்தின படியில் நின்றுகொள்வார். டம்ளரை என் மேசைமேல் வைக்கமாட்டார். பதில் வரும்வரை கையிலேயே வைத்திருப்பார். நான் சொல்வேன், தேதி, கிழமை, தமிழ் மாதம், உற்சாகமாக இருந்தால் நட்சத்திரமும். "நோட்டுல எழுதிட்டீங்களா?" என்பது அடுத்த கேள்வி. இனிமேல்தான் என்று சொன்னால், "எழுதிக்குங்க" என்பார். அதற்கப்புறம்தான் டம்ளர் மேசைக்கு வரும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வழக்கில் சிக்கிய பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். எழுதவேண்டியதையெல்லாம் எழுதாமல் விட்டவன், பெயரை மட்டும் எழுதி என்ன ஆகப்போகிறது.

நோட்டு என்று அவர் சொன்னது என் நாட்குறிப்பு. கல்லூரியில் சேர்ந்த வருஷம் தொடங்கியது, இன்றுவரை ஒரு நாள் விடுபடவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் வீட்டு மாடி அறையில் புத்தகங்களோடு இருந்துவிட்டேன். கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்த நாள், மின்சாரம் போன நேரம், வந்த நேரம், பேருந்துக் கட்டணம் ஏறிய நாள், பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் சாவு, எல்லாம் என் நோட்டுகளில் இருக்கும். சொந்தக்காரர்கள் பரங்கிப்பேட்டையிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் போன் செய்து, "பெரியப்பா செத்தது எந்த வருஷம்டா?" என்று கேட்பார்கள். நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருந்தது.

அந்த நோட்டில் ஒரே ஒரு தப்பை ஒரே ஒருவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு தடவை அப்பாவின் திதியை நான் ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டே அண்ணி சொன்னார்: "நாளைக்கு இல்ல தம்பி, இன்னிக்குத்தான். போன வருஷம் இதே திதியில கேஸ் தீந்துபோயி விறகு அடுப்புல பாயசம் வச்சேன்." பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

அவர் மனசுக்குள்ளேயே ஒரு காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பால்காரர் வராத நாட்கள், சிலிண்டர் மாற்றிய நாள், தெருவில் பாதிப் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரம், எதற்கும் அவர் தடுமாறிப் பார்த்ததில்லை. போதாததற்கு சமையலறைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் அதில் ஒரு தாளைக் கிழிப்பார். கிழித்த தாளை எறியமாட்டார். முறுக்கோ கடலையோ அதில் மடித்து மாடிக்கு அனுப்புவார். முந்தின நாள் தேதி முறுக்கோடு என் மேசைக்கு வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் என்னிடம் வந்து தேதி கேட்டார்.

நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். "என்னா அண்ணி, வயசாயிடுச்சா? காலண்டர்தான் மூக்குக்கு எதுர்ல தொங்குதே."

"இருக்கட்டும் தம்பி. உங்க வாயால சொன்னா ஒரு நெசம்."

"என் நோட்டு மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"நோட்டையே கட்டிகிட்ட ஆளாச்சே. பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுவீங்களா?"

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் பெண், கீழேயிருந்து, "அம்மா, சித்தப்பா இன்னைக்குத் தும்முனதக் கூட எழுதியிருப்பாரு, கேளு" என்று கத்துவாள். மூவரும் சிரிப்போம். அண்ணன் கடைக்குப் போயிருப்பார்.

தானே புயல் அடித்த மறுநாள் காலையிலும் அண்ணி தேதி கேட்டார். பாப்பா அப்போது இடுப்பில் உட்காரும் குழந்தை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பால் கிடையாது, கறுப்புக் காபி. காற்று எப்போது திசை மாறியது, எந்த வீட்டுக் கூரை எப்போது போனது என்று நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஊருக்கே மறக்காத தேதியைக் கேட்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தேன். அண்ணியின் இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"முருங்கக் கெள பட்டுருச்சு தம்பி. அதொன்னுமில்ல. எழுதிக்குங்க."

எங்கள் வீட்டு முருங்கை மரம் புயல் அடித்தபோதே வேரோடு மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த நேரம் என் நோட்டில் இருந்தது. அண்ணி அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் தேதி சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். விட்ட இடத்திலிருந்து புயலை எழுதினேன். பக்கத்தின் கீழே இடம் மிச்சமிருந்தது. 'அண்ணி தேதி கேட்டாங்க' என்று எழுதி வைத்தேன்.

எனக்குத் தெரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. அவர் தேதி கேட்ட ஒவ்வொரு காலையும் எதற்கு மறுநாள் என்பது எனக்குத் தெரியும்.

என் அண்ணன் கத்தமாட்டார். கத்தினால் தெருவுக்குத் தெரிந்திருக்கும். தணிந்த குரலில் ஏதோ சொல்வது மாடிக்கு முணுமுணுப்பாக வரும். ஒரு பாத்திரம் உருளும். அப்புறம் குளியலறைக் குழாயை யாரோ முழுசாகத் திறந்துவிடுவார்கள். அது அண்ணி. அழுகை வெளியே போகாமலிருக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவார். நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டுவேன். அன்றைக்கு வானொலியில் என்ன கச்சேரி, யார் பேச்சு என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது. என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன் படிப்பை விட்டு இரும்புக் கடையில் உட்கார்ந்தார். அந்தக் கடைதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. திருவதிகைத் தேருக்கு வருஷா வருஷம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர், கடை ஆட்களைக் கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிறவர். அவரைப் பற்றி நோட்டில் நல்லதாக எத்தனையோ இருக்கிறது. எல்லாம் உண்மை.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பத்துக்கு. கீழே முணுமுணுப்பு வந்தது. பாத்திரம் உருண்டது. குழாய்ச் சத்தம் மட்டும் வரவில்லை. நான் வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போது அலறல் கேட்டது. அண்ணன் குரல். நான் ஓடினேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படிகளில் நான் ஓடி இறங்கியது அன்றைக்குத்தான்.

அண்ணன் கிணற்றடியில் கிடந்தார். தலையிலிருந்து ரத்தம், ஒரு கை மடங்கியிருந்தது. அண்ணி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கழுத்தில் விரல் தடங்கள். பாப்பாவுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புப் பட்டை அவள் கையில் இருந்தது. அதைக் கீழே போடக்கூட அவளுக்குத் தெரியவில்லை. நான் முதலில் போனது அண்ணனிடம்.

மருத்துவமனைக்கு வந்த போலீஸ்காரர் நேரம் கேட்டார். "மூணு பத்துங்க. நோட்டுல இருக்கு" என்றேன். என் குரலில் அந்தப் பழைய கர்வம் இருந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் நோட்டைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தேன்: 'மூன்று பத்து. பாப்பா அண்ணனை அடித்தாள். தலையில் காயம். ஆட்டோ.' கழுத்துத் தடங்களுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லாமல் இல்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்கை விசாரிக்கும் குழுமத்துக்கு வழக்கு போனது. அண்ணி அங்கே போய்ச் சொன்னார். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து அடி. அன்றைக்குக் கழுத்தை நெரித்தார், மகள் வராவிட்டால் செத்திருப்பேன். எந்தெந்த நாளில் அடித்தார் என்று கேட்டார்கள். சிலிண்டர் மாற்றிய நாளைக்கூட நினைவு வைத்திருப்பவர், அங்கே ஒரு தேதியும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்து, "தேதியெல்லாம் தம்பி நோட்டுல இருக்கும்" என்றார்.

பத்து வருஷத்து நோட்டுகளைக் கேட்டு வாங்கினார்கள். புரட்டினார்கள். இருந்தால்தானே?

என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் அண்ணன் அடித்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். "பார்த்ததில்லை" என்றேன். பொய் இல்லை. நான் ஒரு தடவையும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. அரசுத் தரப்பில் சொன்னார்கள், மின்சாரம் போனதைக்கூட எழுதிவைக்கிற மனிதர் அதே வீட்டில் இருந்தும் ஒரு வரி எழுதவில்லை, எழுத ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? பாப்பா ஒரு வருஷம், குற்றம் செய்த பிள்ளைகளை வைக்கும் சிறப்பு இல்லத்தில் இருக்கவேண்டும் என்று முடிவானது. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அண்ணி அழவில்லை. வெளியே வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்றார். "ஒன்னு கூடவா தம்பி?" என்றார். கோபம் இல்லை. கணக்கு டீச்சர் விடை தப்பான பையனிடம் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு, மேல்முறையீட்டுக்குக் கொடுத்த அவகாசத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டு ஊரான சிதம்பரத்துக்குப் போய்விட்டார். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டார்கள். அது முடியும்வரை பாப்பா இல்லத்துக்குப் போகவேண்டியதில்லை என்று உத்தரவு வாங்கினார்கள். அது தோற்றால் போகவேண்டும்.

மேல்முறையீட்டுக்கு வந்த வக்கீல் சிதம்பரத்துக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். ஒரு நாள் காலையில் என் மாடி அறைக்கே வந்துவிட்டார். நோட்டுப் பக்கங்களின் நகலைக் கட்டாக மேசைமேல் வைத்தார். பல பக்கங்களில் பென்சில் சுழி.

"சார், 'அண்ணி தேதி கேட்டாங்க'ன்னு அங்கங்க வருதே, அது என்ன?"

"சும்மாம்மா. அவங்க பழக்கம்."

"பழக்கம்னா தினம் வரணுமில்ல? ரெண்டு மாசம் ஒன்னுமில்ல. அப்புறம் ஒரே வாரத்துல ரெண்டு தடவ. உங்க வீட்ல காலண்டர் இல்லையா?"

"இருக்கு."

அவர் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே அண்ணி சேர்த்து வைத்திருந்த மருத்துவமனை ஓ.பி. சீட்டுகள். படியில் வழுக்கி விழுந்தது, கதவு இடித்தது, கொதிக்கும் எண்ணெய் தெறித்தது. ஒவ்வொரு சீட்டையும் ஒவ்வொரு பென்சில் சுழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். ஏழு சீட்டு. ஏழிலும் சீட்டின் தேதியும் நோட்டின் தேதியும் ஒன்றுதான்.

"அந்தம்மா உங்ககிட்ட தேதி கேக்கல சார். பத்திரமா இருக்கட்டும்னு குடுத்து வச்சிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி எழுத முடியாது.

"கோர்ட்ல வந்து இதுக்கு அர்த்தம் சொல்லுவீங்களா?" என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

மத்தியானம் அண்ணனும் நானும் மெஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் கை கூடிவிட்டது, முழுசாக நீட்ட வரவில்லை.

"வக்கீலம்மா வந்துச்சாமே."

"ஆமாண்ணா."

"என்னா வேணுமாம்?"

"நோட்டப் பத்திக் கேட்டுது."

"நீ பாத்தியா? பாக்கல. அத சொல்லிட்ட இல்ல? அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி." சாம்பார்ப் பொட்டலத்தை என் இலைப் பக்கம் நகர்த்தினார். "சோறு ஆறுது பாரு. சாப்புடு."

அண்ணன் மிரட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பதினொரு வயதிலிருந்து அவர் இப்படித்தான் என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார். அண்ணி வந்த பிறகு அந்தச் சோற்றை வடித்துப் போட்டவர் யார் என்பதை அன்றைக்கு மெஸ் சாம்பாரை வாயில் வைத்தபோதுதான் நினைத்தேன். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். எனக்கு உறைத்தது ருசியில்தான், நியாயத்தில் இல்லை. மூன்று நாள் கழித்து வக்கீலுக்குப் போன் செய்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற வராந்தா பெஞ்சில் அண்ணியும் பாப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி மட்டும், "சாப்டீங்களா தம்பி?" என்றார். சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

என்னை மறுபடி விசாரிக்க நீதிபதி அனுமதித்திருந்தார். பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார்கள். அதனால் உள்ளே ஏழெட்டுப் பேர்தான். எனக்கு அது ஊரே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"உங்கள் அண்ணன் மனைவியை அடித்ததைப் பார்த்ததில்லை என்று முன்பு சொன்னீர்கள். இப்போது பார்த்தேன் என்கிறீர்களா?" அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"பாக்கலைங்க. மாடி வரைக்கும் சத்தம் வரும்."

"எத்தனை தடவை?"

"அண்ணி தேதி கேட்டாங்கன்னு நோட்டுல எழுதியிருக்கறேன் இல்லைங்களா, அந்த ஒவ்வொரு நாளுக்கும் முந்தின நாளு. எழுதாம விட்டதும் இருக்கு."

"மழை எழுதுவீர்கள், கரண்ட் எழுதுவீர்கள். இதை ஏன் எழுதவில்லை?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தட்டச்சு செய்கிற பெண்ணும் நிமிர்ந்தார்.

"எழுதியிருந்தா நான் கீழ எறங்கிப் போயிருக்கணும்" என்றேன்.

அதைச் சொன்னபடியே பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி. கூண்டிலிருந்து இறங்கும்போது அண்ணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தாயின் உயிரைக் காக்க ஓங்கிய கை என்று சொல்லிக் குழுமத்தின் உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. ஓ.பி. சீட்டுகளும், அன்றைக்குக் கழுத்துத் தடத்தைப் பார்த்த டாக்டரின் குறிப்பும்தான் முக்கியமாக உதவின. என் சாட்சிக்குத் தீர்ப்பில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்தியில் 'காலதாமதமாக' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி எழுதப்பட்டதில் அதைவிடத் துல்லியமானது இல்லை.

தீர்ப்பு வந்த பிறகு ஒரு நாள் சிதம்பரம் போனேன். பாப்பாவின் பழைய புத்தகங்களும் அண்ணியின் இட்லிக் குண்டானும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் பின்கட்டு வீடு. வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை. அண்ணி கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வாங்க தம்பி. பஸ்ல எடம் கெடச்சுதா?"

பாப்பா உள்ளேயிருந்து வந்து, என் கையிலிருந்த புத்தகப் பையை வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சைக்கிளை எடுத்தாள். "வரேன்மா" என்றாள். அது அம்மாவுக்கு மட்டும்.

அண்ணி குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அடி நசுங்கிருக்கே" என்றார். நசுங்கியது எந்த நாள் என்று இருவருக்கும் தெரியும். "அதொன்னுமில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டு அதை அலமாரியில் கவிழ்த்தார். சுவரில் ஒரு தினசரிக் காலண்டர், அன்றைய தாள் மேலே இருந்தது. கிரைண்டர் மேல் உளுந்து ஒட்டியிருந்தது. ஒரு பெண் வந்து மாவு வாங்கிக்கொண்டு, "யாருக்கா இவுரு?" என்று கேட்டாள். "கடலூர்லேருந்து வந்திருக்காங்க" என்றார் அண்ணி. அதற்குமேல் சொல்லவில்லை.

காபி கொண்டுவந்தார். டம்ளரை நேராக என் முன்னால் ஸ்டூல்மேல் வைத்தார். வைத்துவிட்டுக் கிரைண்டர் பக்கம் போனார். அவர் கையில் ஒரு கணம்கூட அது நிற்கவில்லை. அந்தப் படியும் அந்தக் கேள்வியும் இல்லாத காபியை எனக்கு எப்படிக் குடிப்பதென்று தெரியவில்லை.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை அண்ணி" என்றேன். "ஆனி மாசம், தேதி வந்து…"

"தெரியும் தம்பி." அவர் திரும்பவில்லை. குழவியைத் தூக்கி மாவை வழித்துக்கொண்டிருந்தார். "அந்த வூட்லயும் எனக்குக் காலண்டரு இருந்துச்சு."